ஒரே சேனலைப் பார்ப்பவர் தன் சாய்வை எப்படிச் சோதிப்பது?

கோத்தகிரி வாசகர்:
எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு கட்சி சார்ந்த தொலைக்காட்சிதான் ஓடுகிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனங்களில் செல்ல 2024 மே 7 முதல் இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) கட்டாயமானதை, ஆட்சியில் வேறு கட்சி இருந்திருந்தால் நான் வேறு விதமாக எடைபோட்டிருப்பேனோ என்ற ஐயம் விடவில்லை. இதைச் சோதிக்க வழி உண்டா?

குன்னூர்க்காரர்:
உண்டு, ஐயா. இ-பாஸ் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது, அரசு செயல்படுத்தியது. முடிவெடுத்தவர் யார், செயல்படுத்தியவர் யார் என்று முதலில் பிரித்துக்கொண்டு, பிறகு கட்சிப் பெயரை மாற்றிப் போட்டாலும் அதே கோபம் வருகிறதா என்று பாருங்கள்.

கொடைக்கானல் வாசகி:
எதிர்த்தரப்புச் சேனலையும் பார்த்தால் போதும் என்பார்கள், எனக்கு உடன்பாடில்லை. ஜெயா, கலைஞர் தொலைக்காட்சி என்று மாறி மாறிப் பார்த்தால் இரண்டு வக்கீல்களின் வாதம் கிடைக்குமே தவிர, சாட்சியம் கிடைக்காது. உத்தரவையே வாசியுங்கள், சீசன் வியாபாரம் எப்படி என்று கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்புக் கடைக்காரர்களிடம் கேளுங்கள்.

தேயிலை விவசாயி:
சாய்வு இருப்பதே தவறு என்று நான் கருதவில்லை. பச்சைத் தேயிலை விலையில் நான் சிறு விவசாயிகள் பக்கம்தான். ஆனால் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் சராசரி விலையைப் பார்த்த பிறகே எந்தக் கட்சிக்காரர் பேச்சையும் கேட்கிறேன்.