கடலில் நீந்தத் துணை வேண்டும்

வணக்கம். போன மாதம் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் என் முதல் டிரையத்லானை முடித்தேன். ஸ்பிரிண்ட் எனும் குறுகிய தூரம்தான்: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். வயது 43. கடைசிப் பத்துப் பேரில் ஒருவன், அதில் வருத்தமில்லை.

பிரச்சினை நீச்சல். தெம்பனிஸ் நீச்சல் குளத்தில் ஒரு கிலோமீட்டர் நிற்காமல் நீந்துவேன். கடலில், குளத்தில் இருப்பதுபோல் நேராக நீந்த அடியில் கறுப்புக் கோடு இல்லை, தண்ணீர் கலங்கல், யாருடைய காலோ முகத்தில் உதைத்தது. மூச்சு முட்டி மல்லாந்துவிட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் வழிகாட்டும் மிதவை எங்கோ விலகிப் போயிருந்தது, விலகியது நான்தான். அப்புறம் சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் இரண்டும் மரக்கட்டை. இந்த ஈரக் காற்றில் வியர்வை காயாது, உடம்பும் குளிராது. ஒன்பது மணிக்கே மண்டை கொதித்தது. கோடைப் போட்டியாம், இங்கே எந்த மாதம் கோடை இல்லை?

ஞாயிறு காலை அங்கே கடலில் நீந்திப் பழகுகிறவர்கள் யாராவது இருந்தால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனியாக இறங்க வீட்டில் விடமாட்டார்கள், எனக்கும் துணிச்சல் இல்லை. இன்னொன்று: வியர்வையில் போகும் உப்புக்கு ஈடாகப் போடும் உப்பு மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொண்டதா? நான் உப்பு மோர் குடித்து ஓடினேன், வயிறு கோபித்துக்கொண்டது.