கொடைக்கானலில் வேகாத பருப்பு: சுற்றுலாவில் நீங்கள் சமைப்பீர்களா, கடையில் சாப்பிடுவீர்களா?

கேட்டவர் (திருச்சி)

மே மாதம் ஐந்து பேர், நான்கு நாள், கொடைக்கானல். முந்தைய முறை ஏழுரோடு சந்திப்புப் பக்கத்து ஹோட்டல்களில் கொடுத்த பில் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்ததால், இந்த முறை சமையலறையோடு கூடிய காட்டேஜ் பிடித்தேன். “அடுப்பு, பாத்திரம் எல்லாம் இருக்கிறது” என்று போனில் சொன்னார்கள். பொய்யில்லை. அடுப்பு, இண்டக்‌ஷன். பாத்திரம், அலுமினியம். காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அந்த அடுப்பு சீந்தாது என்பது, அரிசியைக் களைந்து வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கடைத்தெருவுக்கு ஓடினேன். எவர்சில்வரிலும் சிலவற்றில் காந்தம் ஒட்டாதாம். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தப் பொம்மை ஒன்றை 60 ரூபாய்க்கு வாங்கி, ஒவ்வொரு குண்டானின் அடியிலும் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார்.

சாதம் ஒருவழியாக வெந்தது. துவரம்பருப்பு வேகவில்லை. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அங்கே ஏறக்குறைய 93 டிகிரி. சூட்டை எவ்வளவு கூட்டி வைத்தாலும் தண்ணீர் ஆவியாகுமே தவிர அதற்கு மேல் ஏறாது. குக்கர் இருந்தால் அழுத்தத்தில் சமாளிக்கலாம், எங்களிடம் இல்லை. ஒன்பது மணிக்கு அம்மா ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, “மீதியை ஊருக்குக் கொண்டுபோய் வேகவைத்துக்கொள்ளலாம்” என்றார். அன்றிரவு பரோட்டா.

மறுநாளிலிருந்து காலையில் உப்புமா, இரவில் தயிர்சாதம், மதியம் சுற்றிப் பார்க்கும் இடத்தில் எது கிடைக்கிறதோ அது. ஞாயிறு சந்தையில் பட்டர் பீன்ஸும் மலைப்பூண்டும் வாங்கினோம். அங்கே சமைக்கத் துணிவில்லை. குண்டான், பொம்மை செலவு போக மிச்சம் சுமார் 900 ரூபாய். நீங்களெல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

தஞ்சாவூரிலிருந்து ஓர் அம்மா

அந்த 900 ரூபாயில் பாத்திரம் துலக்கியவருடைய கூலி கழிக்கப்பட்டதா?

நானும் ஊட்டியில் ஐஸ் மாதிரித் தண்ணீரில் துலக்கியவள்தான். “இனிமேல் அறையில் அடுப்பு இருந்தால் நான் வரமாட்டேன்” என்று சொல்லியும்விட்டேன். இப்போது அடுப்புள்ள அறைதான் வேண்டும் என்று கேட்பவளும் நானே. என் கணவர் இன்சுலின் போடுகிறவர். ஒரு முறை குன்னூரில், கூட்டம் நெரியும் ஹோட்டலில், சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு ஊசி போட்டுக்கொண்டார். முக்கால் மணி நேரமாகியும் இலை வரவில்லை. அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. பக்கத்து மேசைச் சிறுமி குடித்துக்கொண்டிருந்த மாம்பழ ஜூஸை அவள் அம்மா வாங்கிக் கொடுத்தார், அதில்தான் தெளிந்தார். யாரென்றுகூடக் கேட்காமல் வந்துவிட்டோமே என்று இன்னமும் வருந்துகிறேன்.

அதிலிருந்து மூன்று லிட்டர் குக்கரும் ரவையும் எங்களோடு பயணம் செய்கின்றன. மணி தவறாமல் ஏதோ ஒன்று வயிற்றுக்குள் போய்விடும். சமைப்பது நான், துலக்குவது அவர். குளிர்ந்த தண்ணீர் சர்க்கரை நோய்க்குக் கெடுதல் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தார். டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னேன்.

மதுரையிலிருந்து ஒருவர்

நாங்கள் காசிக்கு ரயிலில் குழுவாகப் போகிறவர்கள். குழுவோடு சமையல்காரரும் வருவார். அண்டா, கரண்டி, மளிகை எல்லாம் மூட்டையாக ஏறும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்கு அருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்தது பலருக்கு நினைவிருக்கும். லக்னோவிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்திருந்த காஸ் சிலிண்டர், ஒன்பது உயிர்கள். டீ போட அடுப்பு பற்றவைத்தார்கள் என்று அன்று ஊரெல்லாம் பேச்சு. நாங்களும் அப்படி ஒரு டீ குடித்துப் போனவர்கள்தானே என்று எனக்கு அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது அடுப்பைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, அடுத்த நாளுக்குப் புளியோதரை. காசியில் நகரத்தார் சத்திரம் இருக்கிறது, நம் ஊர்ச் சாப்பாடு. சமைப்பதா, ஹோட்டலா என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

வெளிநாட்டிலிருந்து ஒரு வரி

சுவிட்சர்லாந்தில் சமையலறையோடு வீடு எடுப்பவர்கள் சனிக்கிழமை இரவு போய் இறங்காதீர்கள். ஞாயிறன்று அங்கே பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை. எங்களுக்கு நான்கு அடுப்பு இருந்தது, உப்பு இல்லை. ரயில் நிலையக் கடை ரொட்டியும் தயிரும்தான் அன்றைய விருந்து.

கேட்டவர் (திருச்சி)

தஞ்சாவூர் அம்மாவுக்கு: துலக்கியது என் மனைவி. உங்கள் கேள்வியை அவருக்குப் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. டிசம்பரில் ஏற்காடு போகிறோம். குக்கர் வாங்கியாயிற்று, அந்தக் காந்தப் பொம்மையை அடியில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். துலக்கும் நார் என் பையில் இருக்கிறது.

பட்டர் பீன்ஸ் வீட்டுக்கு வந்து மூன்று விசிலில் வெந்துவிட்டது.