ஆச்சி வீட்டு பீங்கான் தட்டு: கையால வரைஞ்சதா, பிரிண்டா?

குறிச்சிக்காரன்:
கல்லிடைக்குறிச்சில ஆச்சி வீட்ட ஒதுங்க வைக்கும்போது பரண்ல ஒரு பீங்கான் தட்டு கெடைச்சுது, பூட்டன் கொழும்புல கடை வச்சிருந்தாவ அப்ப வந்ததுன்னு சித்தி சொல்லுதாவ. சிவப்பு முக்காடு போட்ட சின்னப்புள்ள கூடையோட நிக்கா, மரத்துக்குப் பின்னால ஓநாய். ஓரம் பூரா தங்கம், அங்கங்க தேஞ்சிருக்கு. பின்னால பச்சையில 'லிமோஜ் பிரான்ஸ்'னு ஒரு முத்திரை, பக்கத்துல சிவப்புல வேறொண்ணு. ரெண்டு முத்திரை இருந்தா டூப்ளிகேட்டுன்னு சொல்லி பழைய சாமான் வியாபாரி ஒருத்தரு ஐநூறு ரூவாய்க்கு கேக்காரு, குடுத்துரலாமா? அம்மா வேற புளி போட்டு வெளக்குதேங்காவ.

பாளை மணி:
அய்யய்யோ புளி வேண்டாம்னு மொதல்ல சொல்லுங்க அண்ணாச்சி! அந்த தங்கமும் கலரும் மெருகுக்கு மேல பூசி சூளையில சுட்டது, தேச்சா போயே போச்சு. வெதுவெதுப்பான தண்ணி, பஞ்சு, அவ்ளோதான். அதுல சோறும் போட்டுராதிய, பழைய கலர்ல ஈயம் இருக்கும்.

சிந்துபூந்துறை:
வியாபாரி நல்லா கதை விடுதாரு. லிமோஜ் பக்கம் 1768 வாக்குல வெள்ளைக் களிமண்ணு கெடைச்சு, பொறவு அந்த ஊர்ல ஏகப்பட்ட ஃபேக்டரி. ஒரு எடத்துல வெள்ளைத் தட்டா செஞ்சு இன்னொரு பட்டறையில வரைவாங்க, பச்சை செஞ்சவன் முத்திரை, சிவப்பு வரைஞ்சவன் முத்திரை, அதனால ரெண்டு இருக்கது நல்லதுதான். 'பிரான்ஸ்'னு போட்டிருக்கதால அநேகமா 1891க்குப் பொறவு, அந்த வருஷந்தான் நாட்டுப் பேரு இல்லாம சரக்கு வரக்கூடாதுன்னு அமெரிக்காக்காரன் போட்ட சட்டம் அமலுக்கு வந்துச்சு. லென்ஸ் வச்சுப் பாருங்க, புள்ளி புள்ளியா தெரிஞ்சா பிரிண்டு.

குறிச்சிக்காரன்:
பாத்தேன். ஓநாய் முடி ஒவ்வொண்ணும் தனித்தனி பிரஷ் கோடு, ஒரு எடத்துல கலர் கொஞ்சம் தூக்கலா கைக்கு தட்டுப்படுது. ஆனா புள்ள மொகத்தச் சுத்தி ஒரே சீரா மெல்லிசு பழுப்புக் கோடு.

சிந்துபூந்துறை:
அப்ப கோடு மட்டும் பிரிண்டு, கலர் கையால ரொப்புனது. அதுவும் பழசுல சகஜந்தான், ஆனா முழுக்க கைவேலைன்னு சொல்லி விக்காதிய. படத்து ஓரத்துல கையெழுத்து இருக்கா? படம் 'ரெட் ரைடிங் ஹூட்'ங்க சிவப்பு முக்காடு புள்ள கதைதான், அதுல புள்ளைய காப்பாத்துத வேட்டைக்காரன் இருக்கானா? 1697ல பெரோ எழுதுன பிரெஞ்சுக் கதையில அவன் கெடையாது, ஓநாய் புள்ளைய தின்னுட்டு கதை முடிஞ்சிரும் :)

தென்காசி சாரல்:
வெளிநாட்டுக்காரன் ஆன்லைன்ல கேட்டான்னு பார்சல் போட்டுராதிய. நூறு வருஷம் தாண்டுன கலைப்பொருள தனி ஆளு வெளிய அனுப்ப நம்ம நாட்டு 1972 தொல்பொருள் சட்டப்படி முடியாது. ரெண்டு முத்திரையையும் வெயில் வெளிச்சத்துல கிட்ட வச்சு போட்டோ போடுங்க, ஃபேக்டரி எதுன்னு பாப்போம்.