புது எஸ்எஸ்டியில விண்டோஸ் 11 போடவேணும், பழைய டிஸ்க் லெகசி (பழைய பூட் முறை) மோட்டில இருக்கு. எங்க தொடங்கிறது?

கொக்குவில்_கீபோர்ட்:
வணக்கம். லப்டொப் இன்டெல் ஐ5 8250யூ, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 ஹோம். 2025 ஒக்டோபர் 14ஓட 10க்கு வழமையான அப்டேட் நிண்டிட்டுதுதானே, அதால 11 போட எண்டு 500 ஜிபி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி ஒண்டு வேண்டியாச்சு. இன்னும் பூட்டேல்லை. பிசி ஹெல்த் செக் ஓட்டினால் டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) இல்லை, செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழுப்பிற வசதி) இல்லை எண்டு சொல்லுது. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில பயோஸ் (லப்டொப் எழும்பேக்க முதல் ஓடுற மென்பொருள்) மோட் 'லெகசி'.
கிளோன் (டிஸ்கை அப்பிடியே கொப்பி) பண்ணலாமோ, புதுசாப் போடவேணுமோ? லைசென்ஸ் போயிடுமோ? பாமினி ஃபொன்ட்டில ரைப் பண்ணின வினாத்தாள், கோயில் மலர் எல்லாம் ஏழு வருசத்துக்குக் கிடக்குது. எழுத்து உடையாமல் வருமோ?

பனைநிழல்:
கிளோன் வேண்டாம் தம்பி. லெகசி டிஸ்கைக் கிளோன் பண்ணினால் எம்பிஆர் எண்ட பழைய பார்டிஷன் அமைப்பும் சேர்ந்து வரும், பிறகு அதை ஜிபிடி எண்ட புது அமைப்புக்கு மாத்திறது தனி வேலை. 1 டிபியை 500க்குள்ள அடக்கப் பார்டிஷனையும் சுருக்கவேணும். புதுசாப் போடுங்கோ.

உங்கட ப்ரொசெசர் 8ஆம் தலைமுறை, 11க்கு அது காணும். டிபிஎம் இல்லை எண்டு காட்டுறது பெரும்பாலும் பயோஸில அது ஓஃப் ஆக இருக்கிறதாலதான். இன்டெல் மெசினில அதுக்குப் பேர் 'பிடிடி'. அதை எனேபிள் பண்ணி, பூட் மோட்டை யூஈஎஃப்ஐ எண்ட புது முறைக்கு மாத்தி, செக்யூர் பூட்டையும் போட்டால் சரி. ஆனால் இப்ப உதைச் செய்யாதேங்கோ. மாத்தின உடன பழைய விண்டோஸ் 10 எழும்பாது. டிஸ்க் பழுதாப் போச்செண்டு சனம் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுறது இதுக்குத்தான். லெகசிக்குத் திருப்பி விட்டால் பழையபடி எழும்பும்.

பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கேக்கயே முடிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு. செட்டிங்ஸில ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கோ. 'டிஜிட்டல் லைசென்ஸ்' எண்டு நிண்டால் அது மதர்போர்டோட கட்டுப்பட்டது, டிஸ்க் மாறினாலும் போகாது. போடேக்க கீ கேட்டால் 'என்னட்ட ப்ரொடக்ட் கீ இல்லை' எண்டதை அமத்தி, அதே ஹோம் எடிஷனைத் தெரிவு செய்யுங்கோ. இன்டர்நெட் பட்டதும் தானா ஆக்டிவேட் ஆகும். ஹோம் லைசென்ஸை வச்சுக்கொண்டு ப்ரோ போட்டால் ஆகாது.

பிறகு மைக்ரோசொஃப்ட் தளத்தில இருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவ் ஒண்டில விண்டோஸ் 11ஐ ஏத்துங்கோ. பென் டிரைவில கிடக்கிறது எல்லாம் அழியும். இறங்கிறது 5 ஜிபிக்கு மேல, டேட்டா பாத்து வையுங்கோ. லப்டொப் கொம்பனியின்ர தளத்தில உங்கட மொடலுக்கு உரிய வைஃபை டிரைவரையும் எடுத்து இன்னொரு பென்னில போடுங்கோ. ஹோம் எடிஷன் போடேக்க இன்டர்நெட் இல்லாமல் நகர விடாது. வைஃபை பிடிக்காட்டில் அன்ட்ரொய்ட் ஃபோனை வயரால குத்தி யூஎஸ்பி டெதரிங் போடலாம், பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே பிடிக்கும்.

கடைசியாப் பழைய விண்டோஸை நிப்பாட்டேக்க ஷிஃப்ட்டை அமத்திப் பிடிச்சுக்கொண்டு ஷட்டவுன் குடுங்கோ. சும்மா நிப்பாட்டினால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (கெதியா எழும்பிறதுக்கான வசதி) காரணமா டிஸ்க் அரை நித்திரையில நிக்கும், பிறகு வேற மெசினில குத்தேக்க தகராறு பண்ணும்.

வடலி77:
மேல சொன்னது சரி. ஒண்டு விட்டிட்டார்: விண்டோஸ் போடேக்க பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளுக்க இருக்கவே கூடாது. ரெண்டும் இருந்தால் பூட் ஃபைலைச் செட்டப் சிலநேரம் பழைய டிஸ்கில கொண்டுபோய் எழுதும். பிறகு அந்த டிஸ்கைக் கழட்டினால் புதுசு எழும்பாது. அதோட, பிழையான டிஸ்கை அழிக்கிற பயமும் இல்லை.

பூட்ட முதல் ஸ்லொட்டைப் பாருங்கோ. எம்.2 ஸ்லொட் (எஸ்எஸ்டி பூட்டிற இடம்) எல்லாத்திலயும் என்விஎம்இ வேலை செய்யுமெண்டில்லை, சிலது சாட்டா (பழைய வகை இணைப்பு) எம்.2 மட்டும்தான். உங்கட மொடலின்ர சேர்விஸ் மனுவலில இருக்கும். அடி மூடியைக் கழட்டினதும் முதல் வேலை பற்றரி வயரை இழுத்து எடுக்கிறது. எஸ்எஸ்டியை ஒரு 30 பாகை சரிவில முழுசாத் தள்ளி, பிறகு மெதுவா அமத்தி ஆணியைப் போடுங்கோ. பொன் நிறப் பல்லு வெளியால கனக்கத் தெரிஞ்சால் இன்னும் உள்ளுக்க போகேல்லை. ஆணி எம்2 (2 மில்லிமீற்றர் தடிப்பு) அளவு, நீளம் பெரும்பாலும் 3 மில்லிமீற்றர். எஸ்எஸ்டி பெட்டிக்குள்ள ஆணி வராதது வழமை, லப்டொப்பில இல்லாட்டில் வேண்டேக்கயே கேட்டு வேண்டுங்கோ.

பென் டிரைவால பூட் பண்ணேக்க மெனுவில ரெண்டு தரம் அதின்ர பேர் தெரியலாம். முன்னுக்கு 'யூஈஎஃப்ஐ' எண்டு இருக்கிறதை எடுங்கோ. டிஸ்க் பட்டியலில 465 ஜிபி எண்டு காட்டும். அதுதான் உங்கட 500, ஏமாத்தேல்லை. எதையும் பிரிக்காமல் அப்பிடியே நெக்ஸ்ட் குடுங்கோ, தேவையான பார்டிஷனை அது தானே வெட்டும். 'எம்பிஆர்' எண்டு பிழை வந்தால் ஷிஃப்ட்டோட எஃப்10 அமத்தி, வாற கறுப்புத் திரையில டிஸ்க்பார்ட் (டிஸ்க் கட்டளைக் கருவி) எண்டதுக்குள்ள போய், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் 0, கிளீன், கன்வெர்ட் ஜிபிடி. பழைய டிஸ்க் உள்ளுக்க இருந்தால் இந்தக் கிளீன்தான் ஏழு வருசத்தையும் விழுங்கும்.

எழுதுவினைஞர்:
பாமினி பற்றி மட்டும் சொல்லுறன். பாமினி யூனிகோட் (எந்த மெசினிலயும் தமிழாத் தெரியிற பொது எழுத்து முறை) இல்லை. ஃபைலுக்குள்ள கிடக்கிறது ஆங்கில எழுத்துத்தான், ஃபொன்ட்தான் அதைத் தமிழாக் காட்டுது. ஆனபடியால் ஃபைல் பத்திரமா வந்தாலும், ஃபொன்ட் இல்லாட்டில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாத்தான் தெரியும். உடையேல்லை, பயப்படாதேங்கோ, ஃபொன்ட்டைப் போட்டால் திரும்பி வரும்.

பழைய விண்டோஸிலயே ஃபொன்ட்டுகளைக் கொப்பி எடுங்கோ. ரெண்டு இடத்தில இருக்கும்: சி டிரைவில விண்டோஸுக்குள்ள ஃபொன்ட்ஸ், மற்றது உங்கட யூசர் ஃபோல்டரில ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசொஃப்ட், விண்டோஸ், ஃபொன்ட்ஸ். ரெண்டாவதைத்தான் எல்லாரும் மறக்கிறது. மலருக்குத் தலைப்பு எழுத வேற ஃபொன்ட் பாவிச்சிருப்பீங்கள், அதுகளையும் சேர்த்து எடுங்கோ. 11இல போடேக்க ரைட் கிளிக் பண்ணி 'எல்லா யூசருக்கும்' எண்டதைக் குடுங்கோ.

யூனிகோட்டுக்கு மாத்திற எண்ணம் இருந்தால் முழு வினாத்தாளையும் ஒரேயடியாகக் கன்வெர்ட்டரில போடாதேங்கோ. நடுவில கிடக்கிற ஆங்கிலச் சொல்லு, கணிதக் குறியீடு எல்லாத்தையும் அது தமிழெண்டு நினைச்சு மாத்திப்போடும்.

கொக்குவில்_கீபோர்ட்:
எல்லாருக்கும் நன்றி. பழைய டிஸ்கைக் கழட்டி வச்சிட்டு எஸ்எஸ்டியைப் பூட்டி, பயோஸும் மாத்தியாச்சு. இப்ப செட்டப்பில டிஸ்க் பட்டியல் வெறுமையா நிக்குது, டிரைவர் குடுக்கச் சொல்லிக் கேக்குது.

வடலி77:
பயோஸுக்குள்ள எஸ்எஸ்டியின்ர பேர் தெரியுதோ? தெரியாட்டில் சரியாப் பூட்டுப்படேல்லை, இல்லாட்டில் அது சாட்டா மட்டும் எடுக்கிற ஸ்லொட். தெரிஞ்சால் சாட்டா மோட் எண்ட இடத்தைப் பாருங்கோ. 'ஆர்எஸ்டி' அல்லது 'ஒப்டேன்' எண்டு இருந்தால் 'ஏஎச்சிஐ' ஆக்குங்கோ. ஆர்எஸ்டிக்கு உரிய டிரைவர் செட்டப்பில இல்லாததால டிஸ்க் அதின்ர கண்ணுக்குப் படாது.

கொக்குவில்_கீபோர்ட்:
பேர் தெரிஞ்சுது. ஆர்எஸ்டியில இருந்தது, மாத்தினன், 465 வந்திட்டுது. இப்ப ஓடுது.

பனைநிழல்:
நல்லது. முடிஞ்சதும் விண்டோஸ் அப்டேட்டை ரெண்டு மூண்டு தரம் ஓட்டுங்கோ, மிச்ச டிரைவர் அதிலயே வரும். செட்டிங்ஸில 'டிவைஸ் என்கிரிப்ஷன்' (டிஸ்கைக் குறியாக்கிப் பூட்டிறது) ஒன் ஆகி இருக்கோ எண்டும் பாருங்கோ. விண்டோஸ் 11இன்ர 24எச்2 பதிப்பில இருந்து மைக்ரோசொஃப்ட் எக்கவுண்டால உள்ளுக்க போனால் கேளாமலே அதைப் போட்டுவிடும். ஒன் எண்டால் 48 இலக்க ரிகவரி கீயை ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ, அந்த லப்டொப்புக்குள்ளயே சேமிச்சுப் பிரயோசனம் இல்லை.

பழைய டிஸ்கை 2.5 அங்குல யூஎஸ்பி 3 கேஸ் ஒண்டில போட்டுக் குத்துங்கோ. யூசர் ஃபோல்டரைத் திறக்கேக்க அனுமதி இல்லை எண்டு வரும், 'கன்டினியூ' குடுத்திட்டு விடுங்கோ, பழைய எக்கவுண்ட் வேறை எண்டபடியால் அப்பிடி. பெரிய ஃபோல்டர் எண்டால் கனநேரம் எடுக்கும், இடையில வயரை இழுக்காதேங்கோ. ஒரு மாதத்துக்காவது அந்த டிஸ்கை ஃபோர்மட் பண்ண வேண்டாம்.