மறு: எலக்ட்ரானின் ஸ்பின்: தற்சுழற்சியா, புரியா?

அன்புள்ள குழுவினருக்கு,

எலக்ட்ரானுக்கு இயல்பாகவே உள்ள 'ஸ்பின்' (spin) என்ற பண்புக்குத் தமிழில் 'தற்சுழற்சி' என்ற சொல் பாடநூல்களில் நிலைத்துவிட்டது, அதை ஏன் அசைக்க வேண்டும் என்று சென்னை நண்பர் கேட்டிருந்தார். சென்ற சனிக்கிழமை வரை எனக்கும் அதே எண்ணம்தான்.

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வீட்டில் கிரியோல் பேசுகிற பிள்ளைகள். அணுவைப் பற்றிப் பேச்சு வந்தபோது பம்பரம் ஒன்றைத் தரையில் விட்டு, எலக்ட்ரானும் இப்படித்தான் என்றேன். (பம்பரத்துக்குக் கிரியோலில் 'துப்பி'. தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை, வகுப்பே சிரித்தது.) சிரிப்பு அடங்குவதற்குள் பம்பரம் சாய்ந்துவிட்டது. ஒரு சிறுமி கேட்டாள்: "எலக்ட்ரானைச் சுற்றிவிட்டது யார்? அது எப்போது விழும்?"

யாரும் சுற்றிவிடவில்லை; விழவும் விழாது. பிறகு அது என்ன சுழற்சி? 1925இல் ஸ்பின்னை முன்மொழிந்த இயற்பியலாளர்கள் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் சுழலும் சிறு உருண்டையைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள். அப்படியானால் அதன் மேற்பரப்பு ஒளியையும் மிஞ்சி ஓட வேண்டும் என்று மூத்த இயற்பியலாளர் லோரன்ஸ் மறுத்தார். உருண்டை போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. நம் சொல்லோ 'தன்' சேர்த்து அந்தப் பிழையை இன்னும் அழுத்துகிறது. பூமிக்கும் அதே தற்சுழற்சி, எலக்ட்ரானுக்கும் அதே தற்சுழற்சி என்றால் பிள்ளை வேறென்ன நினைக்கும்?

அலமாரியிலிருந்த சங்கை எடுத்து அவளிடம் கொடுத்தேன். "இதை முறுக்கியது யார்?" "யாருமில்லை, அது வளர்ந்ததே அப்படி." அவ்வளவுதான். சங்கு சுழலவில்லை, ஆனால் புரி, அதாவது முறுக்கு, அதனுள்ளேயே இருக்கிறது. எடுத்துவிட்டால் சங்கே இல்லை. ஆகவே 'புரி' என்று முன்மொழிகிறேன்.

"புரி புரியவில்லை" என்று கேலி செய்வீர்கள். செய்யுங்கள், பிள்ளைகள் அந்தக் கேலியாலேயே சொல்லை மறக்கமாட்டார்கள். இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. தொங்கவிட்ட இரும்புக் கம்பியைக் காந்தமாக்கினால் கம்பியே சற்றுத் திரும்பும். 1915இல் ஐன்ஸ்டைனும் டி ஹாஸும் செய்து பார்த்தது. ஆக எலக்ட்ரானின் கோண உந்தம் (சுழலும் பொருளுக்கு உள்ளது போன்ற உந்தம்) மெய்யானது, அதைச் சங்கு காட்டாது. ஒப்புக்கொள்கிறேன். அதைப் 'புரி உந்தம்' என்று மேல்வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம்.

எலக்ட்ரானின் ஸ்பின்னை அளந்தால் இரண்டே நிலைகள்தான் கிடைக்கும். வலம்புரி, இடம்புரி என்று அந்த இரு நிலைகளுக்கும் பெயரிடலாமே என்ற யோசனை அழகானது, ஆனால் தவறு. சங்கைத் தலைகீழாகப் பிடித்தாலும் வலம்புரி வலம்புரிதான். எலக்ட்ரானைத் தலைகீழாக்கினால் நிலை மாறிவிடும். 1922இல் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களைக் காந்தப்புலத்தில் செலுத்தியபோது கற்றை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிந்தது, நடுவில் ஒன்றுமில்லை. எனவே மேற்புரி, கீழ்ப்புரி. துகள் செல்லும் திசையோடு புரியை ஒப்பிடும் இடத்துக்கு வலம்புரி, இடம்புரியை ஒதுக்கிவைப்போம். இதுவரை கண்ட நியூட்ரினோக்கள் (மின்னேற்றமில்லாத நுண்துகள்கள்) எல்லாமே அங்கே இடம்புரி. வலம்புரிக்கு அலையும் நம்மவர்களுக்கு இது ஏமாற்றம்தான்.

ஸ்பின்னின் அளவு எலக்ட்ரானுக்கு அரை, ஒளித்துகளுக்கு ஒன்று; ஆகவே எலக்ட்ரானுக்கு அரைப்புரி, ஒளித்துகளுக்கு முழுப்புரி. ஹிக்ஸ் துகளுக்குப் புரியே இல்லை. 'புரியிலி' என்று எழுதிப் பார்த்தேன், நாவில் ஒட்டவில்லை. நல்ல சொல் கிடைத்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள். அந்தச் சிறுமி அடுத்து அதைத்தான் கேட்பாள்.