ஹாஸ்டலில் சேர்த்த மகளுக்கு ஓயாத வயிற்றுவலி: வீட்டுக்குக் கூட்டி வரலாமா?

அஸ்தம்பட்டி அப்பா

வணக்கம். என் மகள் பத்தாவது முடித்துவிட்டு இந்த ஜூனில் ராசிபுரம் பக்கம் ஒரு பள்ளியில் ப்ளஸ் ஒன் சேர்ந்தாள். ஹாஸ்டல்தான். ஆகஸ்டிலிருந்து வயிற்றுவலி, தலைவலி. நடுராத்திரியில் விழித்துக்கொண்டால் அப்புறம் தூக்கம் வருவதில்லையாம். தீபாவளி லீவில் சேலத்தில் டாக்டரிடம் காட்டினோம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாமே நார்மல். கடைசியில் டாக்டர் அவளிடம், "மெஸ்ஸில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவே பாப்பா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் அழுதுவிட்டாள். "தனிமைதான் உடம்பில் காட்டுகிறது" என்றார் டாக்டர்.

மனைவி உடனே டி.சி. வாங்கச் சொல்கிறாள். மாமனார் வீட்டில் நடிப்பு என்கிறார்கள். மருத்துவம் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போனவளே அவள்தான். உங்கள் கருத்து வேண்டும்.

குகைக்காரன்

அண்ணே, அவசரப்பட்டு டி.சி. வாங்கிவிடாதீர்கள். என் பையன்கள் இரண்டு பேரையும் அந்தப் பக்கம்தான் படிக்க வைத்தேன். பெரியவன் முதல் தீபாவளிக்கு வந்தவன், திரும்பப் போக மாட்டேன் என்று புது பஸ் ஸ்டாண்டில் அழுது அடம்பிடித்தான். பொங்கலுக்கு வரும்போது கூடப் படிக்கிற பையன்களையும் கூட்டிக்கொண்டு வந்தான். இன்றைக்கு அவனுக்கு இருக்கிற உயிர் நண்பர்கள் எல்லாம் அந்த ஹாஸ்டலில் கிடைத்தவர்கள்.

நான் பதினைந்து வயதில் தறியில் உட்கார்ந்தவன். தனியாக இருக்கிறாயா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. இப்போது எதற்கெடுத்தாலும் ஒரு நோய்ப் பெயர் வைக்கிறோம். என்னைக் கேட்டால் காரணம் செல்போன். பத்தாவது வரை கையில் போனோடு வளர்ந்த பிள்ளை, அது இல்லை என்றதும் தவிக்கிறது.

வார்டு சிஸ்டர்

முதலில் ஒன்று. "நடிப்பு" என்ற சொல் அந்தப் பிள்ளையின் காதில் விழவே கூடாது. குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறேன். ஸ்கேனில் எதுவும் தெரியாத வயிற்றுவலியோடு இந்த வயதுப் பிள்ளைகள் வருவது எங்களுக்குப் பழக்கமான விஷயம். வலி நிஜமான வலி. குடலுக்கும் மூளைக்கும் நேரடி நரம்புத் தொடர்பு இருக்கிறது. மனம் பதறினால் குடலின் அசைவு மாறும், சாதாரண அசைவுகூட வலியாகத் தெரியும்.

தூக்கம் கெடுவதற்கும் காரணம் உண்டு. நமக்கென்று யாருமில்லை என்று தோன்றும்போது உடம்பு காவலுக்கு நிற்கிற ஆள் மாதிரி விழித்தே இருக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் கசியோப்போ என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார். தனிமையை அதிகம் உணர்ந்த கல்லூரி மாணவர்களுக்குத் தூக்கம் இடையிடையே கலைந்ததை அவருடைய குழு 2002-இல் வெளியிட்டது. அப்படித் தூங்கியவருக்குப் பகலில் சோர்வு, எரிச்சல். பிறகு யாரோடும் பேசவே தோன்றாது.

உலக சுகாதார அமைப்பு 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில், 13 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 17 முதல் 21 சதவீதம் பேர் தனிமையாக உணர்கிறார்கள், அதிலும் பதின்வயதினர்தான் அதிகம் என்று இருக்கிறது. தனிமையில் வாடும் பிள்ளைகள் குறைந்த மதிப்பெண் வாங்கும் வாய்ப்பு 22 சதவீதம் கூடுதலாம். மார்க்குக்காகத்தானே ஹாஸ்டலில் சேர்க்கிறோம்? அதே அறிக்கை, தனிமையோடு தொடர்புடைய இறப்புகள் ஆண்டுக்கு 8,71,000 என்று மதிப்பிடுகிறது.

கணக்கு வாத்தியார்

சிஸ்டர், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையின் அப்பாவிடம் இறப்புக் கணக்கைச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 8,71,000 என்பது எல்லா வயதினரையும் சேர்த்த மதிப்பீடு. இந்த விஷயத்தில் எல்லோரும் காட்டும் 2010-ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 148 ஆய்வுகள், மூன்று லட்சம் பேர், நல்ல உறவுகள் இருந்தவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம். சரி. அதில் இருந்தவர்களின் சராசரி வயது 64-ஐ ஒட்டி! அதை ப்ளஸ் ஒன் பிள்ளையின் மேல் அப்படியே வைக்கக் கூடாது.

பள்ளியில் தனிமை உணர்வு 37 நாடுகளில் 36-இல் கூடியது என்று 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. அது பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு நடத்தும் பீசா (PISA) தேர்வோடு எடுத்த கணக்கு. அது பார்த்த 2012, 2018 சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை.

குகைக்காரர் போனைக் குற்றம் சொல்வதற்கும் இதே பதில்தான். இங்கிலாந்து, அமெரிக்காவைச் சேர்ந்த மூன்றரை லட்சம் பதின்வயதினரின் தரவை வைத்து 2019-இல் பார்த்தார்கள். அவர்களுடைய மனநலத்தில் தெரிந்த வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தைத்தான் டிஜிட்டல் கருவிகளின் பயன்பாட்டால் விளக்க முடிந்தது. அதுவும் வெளிநாட்டுக் கணக்குதான், ஆனாலும் போனைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சுக்கு அதில் ஆதாரம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தனிமையால் மனச்சோர்வா, மனச்சோர்வால் தனிமையா? பெரும்பாலான ஆய்வுகள் இரண்டையும் ஒரே சமயத்தில் அளந்தவை. எது முன்னால் வந்தது என்று அவற்றால் சொல்ல முடியாது.

வார்டு சிஸ்டர்

எது முன்னால் வந்தாலும் என் எதிரில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு இரண்டும் இருக்கிறது சார். அதோடு, பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளும் உண்டு. 2020-இல், கொரோனா சமயத்தில், குழந்தைகளையும் இளையோரையும் பற்றிய 63 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். தனிமையின் தொடர்ச்சியாக மனச்சோர்வு ஒன்பது ஆண்டுகள் கழித்துக்கூடத் தெரிந்தது. எவ்வளவு கடுமையான தனிமை என்பதைவிட, எவ்வளவு காலம் நீடித்தது என்பதற்குத்தான் மனநல அறிகுறிகளோடு வலுவான தொடர்பு இருந்தது.

குகைக்காரன்

இதைத்தானே நானும் சொன்னேன் சிஸ்டர். முதல் மூன்று மாத அழுகை ஆபத்தில்லை, கடந்துவிடும். பொங்கல் வரை பொறுத்துப் பார்க்கட்டும்.

ஏற்காடு டீச்சர்

இல்லைங்க. அந்தப் பிள்ளை ஜூனில் சேர்ந்தது. இப்போது நவம்பர். முதல் மூன்று மாதம் எப்போதோ முடிந்துவிட்டது.

மலையில் ஹாஸ்டல் உள்ள பள்ளியில் நெடுங்காலமாக இருக்கிறேன். பெற்றோர் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து பெட்டியை இறக்கிவிட்டுப் போவார்கள். வீட்டு ஏக்கம் எல்லாப் பிள்ளைக்கும் வரும். அது அம்மாவை நினைத்து அழும், அரை மணி கழித்துப் பந்து விளையாட ஓடும். நான் பயப்படுவது வேறு மாதிரிப் பிள்ளையைப் பார்த்து. அது அழாது. மெஸ்ஸுக்குக் கடைசியில் வரும், முதலில் எழுந்து போகும். ஸ்டடி ஹாலில் நல்ல பிள்ளை என்று பேர் வாங்கும். சுற்றிலும் அத்தனை பேர் இருப்பதால் அது தனியாக இருப்பது வார்டன் கண்ணில் படாது.

சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளிடம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அக்காளோ, மாமன் மகளோ, ஒரே ஊர்ப் பிள்ளையோ கூட இருந்தால் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள். பத்துப் பேர் வேண்டாம், ஒரே ஒருத்தி போதும். அதனால் அஸ்தம்பட்டி சாரிடம் என் கேள்வி: அவள் அறையில் கூட இருப்பவர்கள் யார்?

சிவதாபுரம் அம்மா

வீட்டுக்குக் கூட்டி வந்தால் தனிமை போய்விடும் என்று ஏன் எல்லோரும் நினைக்கிறீர்கள்? எங்கள் வீட்டில் கொலுசு வேலை. ஆர்டர் இருந்தால் நானும் அவரும் ராத்திரி வரை பட்டறையில்தான். பையன் ஒன்பதாவது. பள்ளி விட்டதும் டியூஷன், வந்ததும் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அவன் சினேகிதன் ஊர் மாறிப் போனது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வீட்டில் இருக்கிற பிள்ளை பேசவில்லை என்றால் வயசு அப்படி என்று விட்டுவிடுகிறோம். ஹாஸ்டல் பிள்ளையையாவது ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறோம்.

அஸ்தம்பட்டி அப்பா

டீச்சர், நீங்கள் கேட்ட பிறகு நேற்று ஞாயிறு போனில் மகளிடம் கேட்டேன். அறையில் மற்ற மூன்று பேரும் ஒரே சி.பி.எஸ்.இ. பள்ளியிலிருந்து சேர்ந்து வந்தவர்கள். தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசுவார்களாம். இவள் தமிழ் மீடியம். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. இவளிடம் பேசுவதில்லை, அவ்வளவுதான். விளையாட்டு பீரியட் ஜூலையிலேயே டெஸ்ட் பீரியட் ஆகிவிட்டது. மெஸ்ஸில் பேசக் கூடாது என்று விதி. விடிகாலையிலிருந்து ராத்திரி வரை படிப்பு. யாரோடாவது பழக வேண்டும் என்றால் எந்த நேரத்தில் பழகுவாள்?

கணக்கு வாத்தியார்

இப்போதுதான் பேச ஒரு பிடி கிடைத்திருக்கிறது. அறையை மாற்றக் கேளுங்கள், தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைகளோடு போடச் சொல்லுங்கள். விளையாட்டு பீரியடை எல்லாப் பெற்றோரும் சேர்ந்து கேட்க வேண்டும், ஒருவர் கேட்டால் நடக்காது.

வார்டு சிஸ்டர்

கூடவே சிலவற்றைக் கவனியுங்கள். சாப்பாடு குறைந்து எடை இறங்குவது, பிடித்ததில்கூட ஆர்வம் போவது, கையில் கீறல் தழும்பு, "நான் இல்லாவிட்டால் யாருக்கு என்ன" என்ற மாதிரிப் பேச்சு. இதில் கடைசி இரண்டில் எது இருந்தாலும் அறை மாறும் வரை, அரையாண்டு வரை என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அழைத்து வந்து மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். அவளும் கூப்பிடலாம், நீங்களும் கூப்பிடலாம். சேலம் அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

அஸ்தம்பட்டி அப்பா

அப்படிப் பேச்சு எதுவும் இல்லை சிஸ்டர். சனிக்கிழமை மனைவியும் நானும் போய் முதல்வரைப் பார்க்கிறோம், மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசப் போகிறோம். அறை மாற்றம், வாரத்தில் இரண்டு நாளாவது விளையாட்டு. அரையாண்டு லீவு வரை பார்ப்போம். அதற்குள் வலி குறையாவிட்டால், தூக்கம் திரும்பாவிட்டால், டி.சி. வாங்கிச் சேலத்திலேயே சேர்த்துவிடுவேன்.

குகைக்காரன்

சரி, அரையாண்டு வரை என்றால் எனக்கும் சம்மதம். ஆனால் அந்தக் கெடுவை அவளிடம் சொல்லாதீர்கள். சொன்னால் யாரோடும் ஒட்டாமல் நாளை எண்ணிக்கொண்டே இருப்பாள்.

ஏற்காடு டீச்சர்

இதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன் அண்ணா. கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வெளியே வர வழி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைதான் புது அறையில் துணிந்து வாயைத் திறக்கும். வழியே இல்லை என்று நினைக்கிற பிள்ளைக்குத்தான் ராத்திரியில் வயிறு வலிக்கிறது.