இசானின் முதல் தனி ஆல்பம்: சிடி கீறலுக்கு வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. நார்வேயின் பிளாக் மெட்டல் (மூர்க்கமான, வேகமான ராக் வகை) இசைக்குழுவான எம்பரர் 2001-ல் கலைந்த பிறகு, அதன் பாடகர் இசான் 2006-ல் வெளியிட்ட 'தி அட்வர்சரி' ஆல்பத்தின் பழைய சிடி ஒன்று சமீபத்தில் கைக்கு வந்தது. டிரம்ஸ் மட்டும் அஸ்கெய்ர் மிக்கெல்சன். கிட்டார், பேஸ், கீபோர்டு எல்லாம் இசானே. பிளாக் மெட்டலின் அலறலும் தாளமும் அமைப்பும் அடிக்கடி மாறும் புரோக்ரெசிவ் மெட்டலின் திருப்பங்களும் ஒரே மூச்சில் வரும். 'ஹோம்கமிங்' பாட்டில் உல்வர் குழுவின் கார்ம் பாடும்போது ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆனால் தட்டின் வெளி விளிம்புப் பக்கமாக ஒரு கீறல். நகத்தால் தடவினால் தட்டுப்படுகிறது. சிடி உள்ளிருந்து வெளியே ஓடுவதால் அடி வாங்குவது கடைசிப் பாட்டு: பத்து நிமிட 'தி பெயின் இஸ் ஸ்டில் மைன்' பாதியில் திக்கி நின்றுவிடுகிறது.

மெல்லிய துணியால் துடைத்துப் பார்த்தேன், பலனில்லை. இவ்வளவு ஆழமான கீறலைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்தவர்கள் இருக்கிறீர்களா? வீட்டிலேயே செய்யலாமா, கடையில் கொடுப்பதுதான் நல்லதா? அப்புறம், நல்ல நிலையில் இன்னொரு சிடி யாரிடமாவது விற்பனைக்கு இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஸ்ட்ரீமிங்கில் கேட்கலாம், சரி. இதை முழுசாகக் கையில் வைத்துக்கொள்ளத்தான் ஆசை.